வாங்க சொல்ல ஓர் ஆள்

அத்தியாயம் 14

பொத்தான்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் ‘பார்’ என்று போட்டிருந்தது. இன்னொன்றில் ‘வெளியிடு’.

எழுதியவன் நான். எழுதியவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதா? அவன் எதற்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்? ‘வெளியிடு’ என்பதை அமுக்கினேன்.

நீலமாக ஒரு வட்டம் சுற்றியது. ‘வெளியிடப்பட்டது’ என்று வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளின் மடிக்கணினியை முன்பு இருந்த மாதிரியே பாதி மூடி வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

துலக்கி முடிப்பதற்குள் போன் அடித்தது.

“ஹலோ, இது கட்டம் அல்லே?”

“ஆமாங்க, அதேதான்” என்றேன் வாய் நிறைய நுரையோடு.

“சேட்டா, என்றெ ஆளு சுவரினுள்ளிலூடெ போகுன்னு. எந்து செய்யும்?”

அவன் செய்துகொண்டிருக்கும் விளையாட்டில் ஆள் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறானாம். சுவருக்குள் போகிறவனை வேலந்தாவளத்திலிருந்து நான் எப்படித் தடுப்பேன்? “கொஞ்ச நேரம் அங்கயே நிக்கச் சொல்லுங்க தம்பி. பொண்ணு எந்திரிக்கட்டும்” என்று வைத்தேன்.

வைத்த கையோடு அடுத்தது. “சார், தென்னை வளக்கற கேம் உங்குளுதுங்களா? எங்க டவுன்லோடு பண்றது?”

அப்போதுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று உறைத்தது. கொல்லைப்புறக் கதவை ஆடிக் காற்று ஓங்கி ஒரு அறை அறைந்தது. எனக்கு விழ வேண்டியதைக் கதவு வாங்கிக்கொண்டது போலிருந்தது.

இந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் மோகனசுந்தரம். கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. விவசாயி என்று சொல்லிக்கொண்டால் என் தென்னைகளே சிரிக்கும். சுற்றுவட்டாரத்தில் என்னை மைக்கோடு சேர்த்துத்தான் தெரியும். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, பாலத் திறப்பு எதுவானாலும் வரவேற்புரை நான்தான். நான் வரவேற்று முடிப்பதற்குள் சிறப்பு விருந்தினர் கிளம்பிப் போன வரலாறும் உண்டு.

என் மகள் மௌனிகாவும் அவளுடைய கல்லூரித் தோழன் கல்பாத்தி நிகிலும் சேர்ந்து செய்த மென்பொருளுக்குப் பெயர் ‘கட்டம்’. அதில் விளையாட முடியாது; அதை வைத்து விளையாட்டுகளைச் செய்யலாம். “அப்ப அது சட்டிங்க, சோறில்ல” என்றாள் என் மனைவி செல்வநாயகி, விளக்கிய முதல் நாளே. தமிழிலும் மலையாளத்திலும் இருப்பதால் எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்தச் சட்டியில் பொங்குகிறார்கள்.

இதுவரை கட்டத்தைத் திறந்தால் கறுப்பாக ஒரு வெற்றுத் திரை வரும். மூலையில் ‘புதிய விளையாட்டு’ என்று ஒரு பொத்தான். கும்மிருட்டு அறைக்குள் ஆளைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி இருக்கும். ஆனால் யாராவது பெயர் பதிந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் மௌனிகா தன் கைப்பட எழுதிவிடுவாள்: ‘வாங்க. என்ன செய்யலாம்னு இருக்கீங்க?’ ஒருவர் விடாமல். வருடக்கணக்காக.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், படியேறினால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து ‘வாங்க’ கேட்க வேண்டும்; சொல்வதைத்தான் நாங்கள் கேட்பது என்போம். ஒருவர் கேட்டால் எல்லோரும் கேட்டதாக ஆகாது. அடுப்பில் இருப்பவள் கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். குளிக்கிறவன் உள்ளேயிருந்தாவது குரல் கொடுக்க வேண்டும். விட்டுப்போனால் காபியைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். செல்வநாயகியின் அண்ணன் குப்பண்ணன் மச்சான் எங்கள் வீட்டுப் படியேறிப் பல வருடமாகிறது. புதுவீட்டு விசேஷத்தன்று ஊரையே மைக்கில் ‘வருக வருக’ என்று கூவிய நான், வாசலில் நின்ற அவரை ‘வாங்க மச்சான்’ என்று கேட்கவில்லையாம். மைக்கில் சொன்னது செல்லாதாம்.

இப்போது கட்டத்துக்கு ஒரு வரவேற்புப் பக்கம் வருகிறது. திறந்ததும் முதலில் அதுதான் தெரியும். இந்த வாரம் யார் என்ன விளையாட்டுச் செய்தார், யாருடைய கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது, யாரிடம் போய்ப் பேசலாம், எல்லாம் அதில் இருக்கும். “மேல ஒரு வரி வேணுங்கப்பா, எழுதித் தாங்க” என்றாள் மௌனிகா. என் மகள் என் திறமையை மதித்துக் கேட்ட முதல் உதவி. ஒரு வரி கேட்டாள்; நான் ஒரு பக்கம் கொடுத்தேன். “ரொம்ப நல்லாருக்குதுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, அதைத் தூக்கி ஓரமாக வைத்து, பழையபடி ‘வாங்க. என்ன செய்யலாம்னு இருக்கீங்க?’ என்று போட்டுக்கொண்டாள்.

ஆகவே இன்று காலை, அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் நீதியை நிலைநாட்டினேன்.

மௌனிகா தலைமுடியை அள்ளி முடிந்தபடி வந்து திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

“அகிலமெங்குமிருந்து அலைகடலெனத் திரண்டு வந்திருக்கும் ஆட்டக் கலைச் செல்வங்களே! தங்கள் பொற்பாதம் இங்கு பதிந்தமையால் கட்டம் குடும்பத்தார் உள்ளம் பூரித்து, இருகரம் கூப்பி, வருக வருக என வரவேற்கிறோம். தொடர்புக்கு, கே. மோகனசுந்தரம், தென்னை விவசாயி...” அதற்கடுத்து என் கைபேசி எண் இருந்தது. அதை அவள் படிக்கவில்லை.

“நோட்டீஸ்னா கீழ ஒரு நெம்பர் வேண்டாமா கண்ணு?” என்றேன். “நெம்பரில்லாத நோட்டீச எவன் நம்புவான்?”

“அப்பா, வெள்ளிக்கெழம ஒரு பத்துப் பேருத்துக்கு மட்டும் காட்டிப் பாக்கறதா இருந்தோமுங்க. இப்பத் தெறக்கறவங்க அத்தன பேருத்துக்கும் போயிருச்சு.”

“பந்தின்னா எல்லாருத்துக்கும்தான் போடோணும்.”

“எனக்கு இப்பச் சிரிக்க நேரமில்லீங்கப்பா.”

அவள் உட்கார்ந்தாள். காலை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். என் இலக்கியமும் என் எண்ணும் ஒரு நொடியில் காணாமல் போயின. பக்கத்தையே எடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கை நின்றுவிட்டது. திரையில் யாரோ யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவருக்குள் போகிற ஆளைப் பற்றிய கேள்வியும் அங்கே இருந்தது. மறையூர் சுஷ்மா என்று ஒரு பெண் அதற்கு வழி சொல்லியிருந்தாள்.

மௌனிகா அதை இரண்டு தடவை படித்தாள். முகத்தில் என்னவோ ஓடியது. சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“இருக்கட்டும்” என்றாள் தனக்குத்தானே. “பக்கம் இருக்கட்டும்.” பிறகு என்னிடம், “காலைல தெறந்தவங்ககிட்ட உங்க நெம்பரு இருக்குமுங்க. கூப்புடுவாங்க. ஏதாச்சும் பேசி வெச்சுறாதீங்க” என்றாள்.

என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

இட்லிக்கு உட்கார்ந்தபோது அடுத்த அழைப்பு.

“ஐயா வணக்கம்யா. ஆனைக்கரையிலருந்து செல்லத்துரை பேசுறேன். ஏலக்கா ஸ்டோர்ல வேல பாக்குறேன்யா. அக்கா இருக்காகளா?”

“அக்கா வேலைல இருக்குதுங்க. நான் அக்காவோட அப்பா. உங்க ஆளும் சுவத்துக்குள்ள பூந்துட்டானுங்களா?”

“இல்லய்யா. என்னோடது மூடுபனிக்குள்ள ஜீப்பெறக்குற கேமு. நல்லா ஓடுது. அது இல்ல விசயம். புதுப் பக்கத்துல ‘வாங்க சொல்றவங்க’ன்னு அஞ்சு பேரு போட்டுருக்காகள்ல? அதுல எம் பேரும் இருக்கு. அக்கா முன்னாடியே கேட்டாக, சரின்னுதான் சொன்னேன். ஆனா அக்கா பேர அதுல காணமேய்யா.”

“விட்டுப்போயிருக்கும்.”

“அக்காவுக்கா? விட்டுப்போகுமா?” அவன் குரல் இறங்கியது. “அக்கா எங்கயும் போறாகளாய்யா? நெசத்தச் சொல்லுங்க.”

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். கையைக் கழுவாமலே போய், தோளுக்கு மேலாக மௌனிகாவின் திரையைப் பார்த்தேன். நான் வெளியிட்ட பக்கத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆனைக்கரை செல்லத்துரை. மறையூர் சுஷ்மா. கல்பாத்தி நிகில். இன்னும் இரண்டு பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிறு முகம். என் மகளின் முகம் அங்கே இல்லை.

காலையில் என் வரியைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. மைக் பிடித்தவனுக்குக் கூட்டம் எங்கே தெரிகிறது?

போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மௌனிகா பின்லாந்துக்காரர்கள் நான்கு பேரோடு திரையில் பேசினாள். மேலே கோட்டு, கீழே பாவாடை. அங்கே ஒரு கணினி விளையாட்டுக் கம்பெனியில் வேலைக்கு. முடித்துவிட்டு வந்து மோர் குடித்தாள். “என்னாச்சு?” என்று கேட்டேன். “பேசுனாங்க” என்றாள். அதோடு சரி. அந்த ‘பேசுனாங்க’வோடு ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

“மௌனி,” என்றேன், “என்ன, வாங்க சொல்ற உத்தியோகத்துல இருந்து ரிட்டயராயிட்டயா? பென்சன் உண்டா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாய் திறந்தவள், என் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். “தேங்கா போட ஆளு வந்துட்டாங்களான்னு பாருங்கப்பா” என்றாள்.

சமையல்கட்டில் செல்வநாயகி பருப்புப் பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தாள். இருப்புச் சட்டி நிறையத் துவரம்பருப்பு. பக்கத்தில் வறுத்து ஆறிய கொள்ளு, ஒரு முறம். எங்கள் வீட்டில் இருப்பது மூன்று பேர். அந்தப் பொடி ஒரு பட்டாளத்துக்குக் காணும்.

என்னைக் கண்டதும் கைபேசியை முறத்துக்கு அடியில் தள்ளினாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். பொடி வறுக்க எதற்குக் கண்ணாடி?

“இத்தன பொடி யாருக்கு?”

“பொடிக்கு ஆளுக்கா பஞ்சம்? காரம் ஏறும், அக்கட்டப் போங்க.”

“பின்லாந்துல கொள்ளுப் பொடிக்கு வரி உண்டாம்.”

கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு வழக்கத்தைவிட வேகமாகக் கிளறியது. “எனக்கென்னங்க தெரியும்?”

“உனக்குத் தெரியாம இந்த ஊட்ல ஒரு ஈ பறக்காது.”

“அப்ப ஈகிட்டயே கேளுங்க.”

“உங்க ரெண்டு பேருத்துக்கும் என்ன, நான் வேத்தாளா?”

“ஏனுங்க, நீங்க எப்பக் கேட்டீங்க?” அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். “காலைலருந்து பென்சங்கறீங்க, வரிங்கறீங்க. கேள்வின்னு ஒண்ணையும் காணமே.”

பதில் சொல்ல ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. நாக்கின் நுனி வரை வந்தது. செல்வநாயகியின் கண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. புகையால் சிவந்த கண் என்று சொல்லிக்கொண்டேன்.

தோப்பில் நிற்க முடியவில்லை. காற்று மட்டைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. தேங்காய் விழுகிற சத்தமெல்லாம் போன் அடிக்கிற மாதிரியே கேட்டது. நடுவில் உண்மையாகவே அடித்தபோது திருச்சூர்க்காரி ஒருத்திக்கு, குதிக்கிற முயலை எப்படி இறக்குவது என்று நானே யோசனை சொன்னேன். அந்த முயல் இன்னும் மேலேயே நிற்கும் என்று நினைக்கிறேன்.

“மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கோணும், பாலக்காடு போய்ட்டு வர்றேன்” என்று சொல்லிச் சட்டையை மாட்டினேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. செல்வநாயகியும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் தலையாட்டினாள்.

பாலக்காட்டில், கல்பாத்தியில், நிகிலின் வீட்டு மாடிதான் கட்டத்தின் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு காபி பில்டர், ஜன்னலுக்கு வெளியே தேர்நிலை.

“வாங்கோ மாமா, வாங்கோ. உங்க வரவேற்புரை படிச்சேன். அம்மாகிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். கண்ணுல ஜலமே வந்துடுத்து.”

“அழுதாங்களா?”

“சிரிச்சு.”

நிகிலுக்கு மரியாதையும் உண்டு, வாயும் உண்டு. அதனால்தான் அவனை எனக்குப் பிடிக்கும். காபி வந்தது. நான் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

“நிகில், மோட்டாருக்கு ஒரு சாமான்...”

“மாமா, இங்க மோட்டார் சாமான் கிடைக்காது.”

“தெரியும்.” காபியை ஒரே மூச்சில் குடித்தேன். சுட்டது. “பொண்ணு போறாளா?”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். “அவ எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கா மாமா. பொய் சொல்லச் சொன்னா எனக்கு வராது. நெஜத்தைச் சொல்லிட்டா அவ என்னைக் கொன்னுடுவா. நான் என்ன பண்ணட்டும்?”

“அப்ப இந்தப் பக்கத்தப் பத்தியாவது சொல்லு. அவ பேர ஏன் எடுத்தா?”

“எடுக்கல்லை. அவ போட்டுக்கவே இல்லை.” கணினியை என் பக்கம் திருப்பினான். “பங்குனியில அவளுக்கு ஜுரம் வந்து படுத்தாளே, ஞாபகம் இருக்கா? அந்த வாரம் நெறயப் பேர் புதுசா வந்தா. இருட்டுத் திரையைப் பாத்தா, நின்னா, போயிட்டா. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. எனக்கும் தோணல்லை. நான் என் வேலையைப் பாத்துண்டு இருந்தேன். எல்லாருக்கும் அவ சொல்லுவாங்கறதே பழக்கமாயிடுத்து. ஜுரம் விட்டு எழுந்து வந்து பாத்துட்டு அழுதுட்டா மாமா. ‘நான் ஒருத்தி சொல்லிச் சொல்லி, வேற யாரும் சொல்லாத ஊடா ஆக்கிப்புட்டேன்’னா. அன்னிக்கு ஆரம்பிச்சதாக்கும் இந்தப் பக்கம்.”

அவள் வார்த்தையை அவன் வாயில் ‘ஊடு’ என்றே கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது.

“அப்ப ஜுரத்துக்காகத்தான்” என்றேன் சட்டென்று. “வேற ஒண்ணுமில்ல. அப்படித்தானே?”

நிகில் எழுந்தான். என் டம்ளரை எடுத்து, அதில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினான். பிள்ளைக்கு மனசு இளகியது, ஊற்றிய அளவில் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. காற்று உள்ளே வந்து என் மிச்ச முடியையும் பிடித்து ஆட்டியது. சித்தூர் தாண்டியதும் போன் அடித்தது. ஆனைக்கரை.

“ஐயா, நாந்தான்யா செல்லத்துரை. அக்காகிட்டக் கேக்க வெக்கமா இருக்கு. ஒரு ஆளு புதுசா வந்துருக்காக. மொத ஆளு எம் பங்குக்கு விழுந்துருக்கு. கையும் ஓடல காலும் ஓடல. என்னய்யா எழுதட்டும்? நீங்கதான காலைல பெருசா எழுதியிருந்தீக?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது என் துறை.

“எழுதிக்குங்க தம்பி. ‘திக்கெட்டும் புகழ் மணக்க எழுந்தருளியிருக்கும் அன்புப் பெருந்தகையே!’”

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார்.

“பெருந்தகையே...” என்று இழுத்தான் செல்லத்துரை. “ஐயா, அந்தாளு என்ன எழுதியிருக்காகன்னு வாசிக்கட்டுமா? ‘எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. வயசும் ஆச்சுங்க. வரலாமுங்களா?’ அம்புட்டுத்தான்.”

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

வரலாமுங்களா. வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே நிற்கிற ஆள். குப்பண்ணன் மச்சான் அன்றைக்கு அப்படித்தான் நின்றிருப்பார். அந்த ஆளிடம் போய்த் திக்கெட்டும் புகழ் மணக்க என்று ஆரம்பித்தால்?

“அத அழிச்சுடுங்க தம்பி” என்றேன்.

“அழிச்சுட்டேன்யா.”

“‘வாங்க’ன்னு போடுங்க.”

“வாங்க. போட்டாச்சு. அப்புறம்?”

“அப்புறம்... என்ன செய்யலாம்னு இருக்கீங்கன்னு கேளுங்க.”

“ஐயா, இது அக்கா எழுதுறதுல்ல?”

முன் சீட்டு அம்மாள் சிரித்துவிட்டாள். “பொண்ணு கெட்டிக்காரிதானுங்க” என்றாள், எதற்கென்று தெரியாமலே.

செல்லத்துரை போனை வைக்கவில்லை. மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை. முழு பஸ்ஸும் எங்களோடு காத்திருந்த மாதிரி எனக்கு ஒரு பிரமை.

“வந்துருச்சுய்யா! பதில் வந்துருச்சு! ‘இன்னும் தெரியலீங்க. செத்த நேரம் சும்மா உக்காந்திருக்கலாமுங்களா?’ன்னு கேக்குறாக.”

“என்ன சொன்னீங்க?”

“தாராளமா உக்காருங்கன்னேன். நம்ம ஜீப்பு கேமயும் அனுப்பி விட்டேன்.” அவன் குரல் பொங்கியது. “ஐயா, ஒண்ணு சொல்லட்டா? உங்க பக்கத்து ஆளுதான்யா. ஊரு கொழிஞ்சாம்பாறன்னு போட்டுருக்கு. பேரு போடல.”

எங்கள் வட்டாரத்தில் கட்டம் என்றால் வாசலில் போடுகிற கோலம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வயதான, பேர் போடாத, ‘ங்க’ போட்டுப் பேசுகிற அந்த ஆள் யார்? வழி நெடுக யோசித்தேன். யோசிக்க யோசிக்க, முறத்துக்கு அடியில் போன ஒரு கைபேசி கண்முன் வந்தது. சேச்சே, இருக்காது என்று தள்ளினேன். அது நகரவில்லை.

வீட்டுக்குள் பொடி வாசம் நிறைந்திருந்தது. செல்வநாயகி சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருக்க, மடியில் எதையோ பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பாதையில் ஜீப்பில் போகிறவர்கள்தான் அப்படிச் சாய்வார்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஒரே நாளில் இரண்டு கேள்வி கேட்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றுக்கே பஸ்ஸிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கேள்விக்குப் பின்னால் ஒரு வேடிக்கை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் போட்டேன். மறுபடி முளைத்தது. வேலந்தாவளம் வரும்வரை அதே வேலை.

மௌனிகாவின் அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்றேன்.

“வாங்கப்பா” என்றாள், திரும்பாமலே. சொந்த வீட்டில் சொந்த அப்பனைக்கூட அவள் கேட்காமல் விட்டதில்லை.

உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் திரையில் வரவேற்புப் பக்கம் இருந்தது. கீழே புதிது புதிதாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் யாரோ ஒருவர் ‘வாங்க’ என்றிருந்தார்கள். ஒன்றுகூட அவள் எழுதியதில்லை. கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதாமல் இருக்க அந்தக் கைகள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. பேசாமல் இருக்க என் வாய் பட்ட பாடும் அதேதான்.

போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

“மௌனி” என்றேன். “நீ போறயா?”

அவள் நாற்காலியைத் திருப்பினாள். என் முகத்தையே பார்த்தாள். காத்திருந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் ஒண்ணுமில்ல கண்ணு. அவ்வளவுதான் கேள்வி.”

வெளியே ஒரு மட்டை விழுந்தது. சமையல்கட்டில் ஜீப் சத்தம் நின்றது. மௌனிகாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சின்னவளாக இருக்கும்போது அழுகைக்கு முன்னால் அப்படித்தான் கோணும். ஆனால் அவள் அழவில்லை.

“நீங்க கேக்கவே மாட்டீங்கன்னு நெனச்சிட்டேனுங்கப்பா” என்றாள். பிறகு நாற்காலியை என் முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“போறனுங்கப்பா. ஆவணில. ரெண்டு வருசத்துக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அதுக்கப்புறம் திரும்பி வருவனான்னு கேட்டீங்கன்னா, தெரியாதுங்க.”